பன்றியைப் புரட்ட இன்னொரு ஆள்

வில்லோ பிராஞ்ச், வட கரோலினா
3 மார்ச் 1974

அன்புள்ள தங்கச்சி மொஸெலுக்கு,

அக்கா ஐடெல்லா எழுதுவது. ஆண்டவர் தயவில் எழுந்து நடமாடுகிறேன். இடது முழங்கால்தான் மழை வருமுன் எனக்கு முதலில் சொல்லிவிடுகிறது. நீ, ஹார்வி, பிள்ளைகள் எல்லாரும் சுகமா? உன் இருமல் விட்டதா? நாலாம் வகுப்போடு நின்ற கை இது. தப்பு இருந்தால் நீயே திருத்திப் படித்துக்கொள்.

இதை என் சொந்த வீட்டுக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். ஆமாம், வீடு முடிந்துவிட்டது. டிசம்பர் பதினாலாம் தேதி எரிந்தபோது என் கையில் மிஞ்சியது ஒரு போர்வையும் என் ரான்சமின் தொப்பியும். மகள் வந்து ராலேவுக்குக் கூட்டிப் போனாள். அவள் வீட்டில் பேரப்பிள்ளைகளோடு இரண்டு மாதம் இருந்து திரும்பினால், எரிந்த இடத்தில் வீடு நிற்கிறது! நம் சபை ஆட்கள் பத்தொன்பது பேர் சேர்ந்து கட்டியது. பல் இல்லாத வில்லி க்ரே ஈறில் ஆணியைக் கவ்விக்கொண்டு கூரை ஏறினானாம். பெண்கள் ஏழு மெத்தைப் போர்வை தைத்து வைத்திருக்கிறார்கள். போதகர் மனைவி ட்ரூசில்லா ஜன்னலுக்கு வர்ணம் அடித்தாள். ஜன்னலை விடத் தன் கைக்குத்தான் அதிகம் அடித்திருப்பாள், இன்னும் போகவில்லை.

இவர்களுக்குக் கேக் சுட்டுக் கொடுத்து நன்றி சொல்ல முடியாது. மே 25 சனிக்கிழமை, பகல் இரண்டு மணிக்கு என் முற்றத்தில் விருந்து. முழுப் பன்றி. நானே வளர்த்தது, குழி வெட்டி, ஓக் கட்டைத் தணலில்.

தணல் அள்ளிப்போட என்னால் முடியும். வினிகரும் மிளகாயும் போட்டுச் சாறு காய்ச்சவும் முடியும். புரட்டத்தான் இன்னொரு ஆள் வேண்டும். எட்டு மணி நேரம் கறிப்பக்கம் கீழே வெந்த பன்றியை இரண்டு கம்பி வலைக்கு நடுவே இறுக்கி, தலைப்பக்கம் ஒருவர், வால்பக்கம் ஒருவர், ஒரே மூச்சில் திருப்ப வேண்டும். ஒருவர் கண்ணிமைக்கும் நேரம் முந்தினாலும் கறி எலும்பை விட்டுத் தணலில் கொட்டிவிடும். நானும் ரான்சமும் முப்பது வருஷம் புரட்டினோம். அவர் போய் ஆறு வருஷம் ஆகிறது. இந்தப் பக்கத்தில் புரட்டத் தெரிந்த இன்னொருவன் க்ளீயோஃபஸ் பேஸ்மோர். அவனை என் முற்றத்தில் நிற்க வைப்பதை விடப் பன்றி கருகிப் போகட்டும்.

நீயும் ஹார்வியும் வாருங்கள். ஹார்விக்குத் தோளில் வலு உண்டு. சாற்றுப் பக்கம் மட்டும் வரக் கூடாது. அவன் ஊர்க்காரர்கள் அதில் தக்காளி ஊற்றுகிறவர்கள்.

உன் பதிலுக்குப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கும்
அக்கா ஐடெல்லா


நூவர்க்
19 மார்ச் 1974

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். இருமல் விட்டுவிட்டது. உன் கடிதத்தைச் சத்தமாகப் படித்தேன். ஹார்வி சிரித்துச் சிரித்துப் புரையேறிப் போனார். வீடு எழும்பிவிட்டது என்று படித்தபோது அழுதுவிட்டேன். சமையலறைக்கு மஞ்சள் திரைச்சீலை தைத்துத் தனியாக அனுப்பியிருக்கிறேன்.

மே மாதம் வர முடியாது அக்கா. ஹார்விக்கு இடுப்புப் பிடித்திருக்கிறது. எனக்கும் வேலையில் விடுப்பு இல்லை. முழுப் பன்றிதான் வேண்டுமா? கோழி பொரித்தால் போதாதா? வயசான காலத்தில் எதற்கு அந்தக் குழியும் தணலும்?

க்ளீயோஃபஸ் அண்ணன் எப்படி இருக்கிறார்? உடம்பெல்லாம் நன்றாக இருக்கிறாரா?

முழங்காலுக்கு ஒத்தடம் கொடு.
உன் தங்கச்சி மொஸெல்


வில்லோ பிராஞ்ச்
26 மார்ச் 1974

மொஸெலுக்கு,

திரைச்சீலை வந்தது, மாட்டிவிட்டேன், அழகாக இருக்கிறது. ஹார்வியின் இடுப்புக்குக் கற்பூரத் தைலம் தேய். அவன் இடுப்பு எந்த மாதத்தில் பிடிக்கும் என்று உனக்கு இப்போதே தெரிந்திருப்பது ஆச்சரியம்தான்.

கோழியா? என் தலைக்கு மேல் கூரை போட்டவர்களுக்குக் கோழியா?

அந்த ஆள் உடம்பைப் பற்றி விசாரிக்கிறாய். உனக்கு மறந்திருக்கும். எனக்கு மறக்காது. ஐம்பத்தொன்றாம் வருஷம், ஆகஸ்டு மூன்றாம் ஞாயிறு, சபைக் கூடுகை நாள். பால்டிமோரிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்திருந்தார்கள். ரான்சம் இரண்டு பன்றி வைத்திருந்தார். வெள்ளை விரிப்புப் போட்ட மேசைக்கு இந்த பேஸ்மோர் முள்கரண்டியோடு வந்தான். தோள் கறியைப் பிரித்தான். முகர்ந்தான். கரண்டியைக் கீழே வைத்தான். "இந்தக் கறிய யாரும் தின்னாதீங்க. இது ஆகாது" என்றான். ஏன், எதற்கு, ஒரு வார்த்தை இல்லை. இரண்டு பன்றியையும் தூக்கிப் போய்க் கல்லறை வேலிக்குப் பின்னால் புதைத்தார்கள். இருநூறு பேர் முட்டைக்கோஸ் துருவலும் சோள ரொட்டியும் தின்றுவிட்டுப் போனார்கள். ரான்சம் சமையல் மேலங்கியைக் கூடக் கழற்றாமல் நின்றார். அதற்குப் பிறகு சபைக்காக அவர் தணல் அள்ளும் மண்வெட்டியைத் தொடவில்லை. அடுத்த வருஷத்திலிருந்து யார் சமைத்தது? பேஸ்மோர். என் புருஷன் இடத்தைப் பிடிக்கத்தான் அப்படிச் சொன்னான்.

இருபத்திரண்டு வருஷமும் ஏழு மாதமும் ஆகிறது. அவனோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. ரான்சம் அடக்கத்துக்கு வந்தான், நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அன்றைக்கு நீ உள் அறையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதது நினைவிருக்கிறது. எனக்காக அழுத ஒரே ஆள் நீதான். அதை நான் மறந்ததில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா ஐடெல்லா


வில்லோ பிராஞ்ச்
22 ஏப்ரல் 1974

அன்புள்ள மொஸெலுக்கு,

நாலு வாரமாகப் பதில் இல்லை. யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லையே? ஈஸ்டருக்காவது ஒரு அட்டை வரும் என்று பார்த்தேன்.

நான் சுகம், ஆனால் கோபத்தில் இருக்கிறேன். விருந்துக்கு அழைக்க யார் யார் என்ன செய்தார்கள் என்று ஒவ்வொருவரையும் நினைவில் வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். கூரை யார், தரை யார், கதவு யார் எல்லாம் தெரியும். புகைபோக்கி கட்டியது யார் என்று கேட்டால் மட்டும் ஒவ்வொருவனும் வானத்தைப் பார்த்தான். போன வாரம் ட்ரூசில்லாவை மாவு பிசைய வைத்துக்கொண்டு கேட்டேன். இரண்டு கையும் மாவில் இருந்தால் அவள் எங்கே ஓடுவாள்?

"சொல்லுடி. செங்கல் தானா ஒண்ணு மேல ஒண்ணு ஏறிச்சா?"

"ஐடெல்லாம்மா, அது... நம்ம சபை மூப்பர் பேஸ்மோர்தான். ஒம்பது நாள் வந்தாரு. எழுபது வயசுல ஏணி ஏறினாரு. உங்ககிட்ட சொல்ல வேணாம்னாரு."

"ஏன் வேணாமாம்?"

"சொன்னா நீங்க இடிச்சுப் போட்டுடுவீங்களாம். பனிக்காலம் முடியட்டும்னாரு."

இடிக்கத்தான் நினைத்தேன், மொஸெல். கடப்பாரையைத் தேடி எடுத்தும் வைத்தேன். அன்று சாயங்காலம் குளிர் அடித்தது. அடுப்பைப் பற்ற வைத்தேன். வீட்டுக்குள் ஒரு இழை புகை இல்லை. பழைய வீட்டில் முப்பது வருஷம் கண்ணைக் கசக்கிக்கொண்டு சமைத்தவள் நான். நாற்காலியைப் போட்டுக்கொண்டு அதன் முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். நன்றி சொல்லாமல் இருக்க முடியவில்லை. சொல்லவும் வாய் வரவில்லை.

என் வீட்டில் கை வைத்த எல்லாரையும் அழைப்பேன் என்று சபையில் எழுந்து நின்று சொல்லிவிட்டேன். அவனை விட்டுவிட்டால் நான் பொய் சொன்னவள். அழைத்தால் ரான்சமுக்கு என்ன முகம் காட்டுவேன்? நீ சொல்.

பதில் போடு.
அக்கா ஐடெல்லா


நூவர்க்
30 ஏப்ரல் 1974

அன்புள்ள அக்கா,

எல்லாரும் சுகம். எழுதாததற்கு மன்னித்துக்கொள். இரண்டு தடவை எழுதிக் கிழித்தேன்.

அவரை அழை. வயசானவர். பழசை எதையும் கேட்காதே, சாப்பாடு போட்டு அனுப்பு. எனக்காக இதைச் செய்.

மொஸெல்


வில்லோ பிராஞ்ச்
3 மே 1974

மூப்பர் க்ளீயோஃபஸ் பேஸ்மோர் அவர்களுக்கு,

உங்கள் வீட்டில் எல்லாரும் நலமாக இருப்பார்கள் என்று நினைக்கிறேன். புகைபோக்கி புகையை நன்றாக இழுக்கிறது. மே 25 பகல் இரண்டு மணிக்கு என் வீட்டைக் கட்டியவர்களுக்குச் சாப்பாடு. நீங்களும் வந்து சாப்பிடலாம். சமையலுக்கு ஆள் தேவையில்லை.

திருமதி ரான்சம் ஸ்ப்ரூயில்


7 மே 1974

மதிப்புக்குரிய திருமதி ஸ்ப்ரூயில் அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் கண்டு மகிழ்ந்தேன். நாங்கள் எல்லாரும் சுகம். என் மனைவி தன் அன்பைச் சொல்லச் சொன்னாள்.

செங்கலுக்குக் கூலியாகச் சாப்பாடு என்றால் எனக்கு வேண்டாம் அம்மா. உங்கள் அடுப்பு புகையாமல் எரிந்தால் போதும். ஆனால் பன்றியைப் புரட்ட ஆள் கிடைக்கவில்லை என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். வேண்டுமானால் வருகிறேன். புரட்டிவிட்டுப் போய்விடுகிறேன். மேசையில் உட்கார மாட்டேன்.

இன்னும் ஒன்று. சொல்லலாமா என்று தெரியவில்லை, ஆனாலும் எழுதிவிட்டேன். ரான்சம் தீயில் ஒரு நாளும் தவறு செய்தவர் இல்லை.

கர்த்தர் உங்களோடிருப்பாராக.
க்ளீயோஃபஸ் பேஸ்மோர்


வில்லோ பிராஞ்ச்
9 மே 1974

மொஸெலுக்கு,

நான் சுகம். நீயும் சுகமாக இருப்பாய். பேஸ்மோரிடமிருந்து கடிதம் வந்தது. ரான்சம் தீயில் தவறு செய்தவர் இல்லையாம். கறியைப் புதைக்க வைத்தவனே அப்படி எழுதுகிறான். அப்படியானால் யார் செய்த தவறு?

நேற்றிலிருந்து அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். சனிக்கிழமை மாலை பன்றியை வைத்தோம். ரான்சம் பாதி இரவு வரை தணல் போட்டார். அப்புறம் கண்ணயரப் போனார். நான் மகளுக்குக் காய்ச்சல் என்று உள்ளே இருந்தேன். விடியும் வரை தீயைப் பார்த்துக்கொள்ள உன்னை உட்கார வைத்தோம். நீல உடுப்புப் போட்டிருந்தாய். தீயைப் பார்க்க உட்காருகிறவள் எதற்கு நல்ல உடுப்புப் போட்டாள் என்று இன்றைக்குத்தான் எனக்குக் கேட்கத் தோன்றியது.

எழுது. கிழிக்காமல் எழுது.
ஐடெல்லா


நூவர்க்
17 மே 1974

அன்புள்ள அக்கா,

எங்கள் சுகத்தைப் பற்றி எழுதக் கை வரவில்லை. நேராகச் சொல்லிவிடுகிறேன்.

ஹார்வி அன்று லாரியோடு சாலை முனையில் நின்றிருந்தார். அவரைப் பார்க்கத்தான் அந்த நீல உடுப்பு. கால் மணி நேரம் என்று போனேன். திரும்பி வந்தபோது கிழக்கு வெளுத்துவிட்டது. கட்டை எரித்துத் தணலாக்கும் பீப்பாயில் தணல் இல்லை, குழி சாம்பலாகக் கிடந்தது. ஓக் கட்டை பற்றித் தணலாக இரண்டு மணி நேரம் ஆகும். நீ எழுந்து வந்துவிடுவாய் என்ற பயத்தில் வேலியோரம் கிடந்த பைன் கட்டைகளைக் குழிக்குள்ளேயே போட்டேன். குபுகுபுவென்று எரிந்தது. கறுப்புப் புகை. அந்தப் பிசின் புகை கறியில் ஏறினால் என்ன ஆகும் என்று நம் பக்கத்தில் ஐந்து வயசுப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்தும் போட்டேன். மேலே கருகிக் கசந்தது, தோளில் உள்ளே பச்சையாகவே இருந்தது.

மேசை போட வந்த க்ளீயோஃபஸ் அண்ணன் மிச்சக் கட்டையைப் பார்த்துவிட்டார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "அக்காவுக்குத் தெரிஞ்சா என்னைக் கொன்னுடும்ணே" என்றேன். அவர் என் கையைத் தட்டிக் கொடுத்தார். போய்க் கறியை ஆகாது என்றார். அவர் சொல்லாமல் இருந்திருந்தால் இருநூறு பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருப்பார்கள்.

இரண்டு வாரத்தில் நான் நூவர்க்குக்கு வந்துவிட்டேன். அம்மா இல்லாத என்னைத் தலை வாரி வளர்த்தவள் நீ. உனக்காக நான் அழுதேன் என்று எழுதியிருந்தாய். எனக்காகத்தான் அழுதேன்.

மொஸெல்


வில்லோ பிராஞ்ச்
27 மே 1974

மொஸெலுக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. பெட்டியடியில் நின்றபடியே படித்தேன். வீட்டுக்குள் வந்து ஒரு தாளை எடுத்தேன். "இன்று முதல் நீ என் கூடப் பிறந்தவள் இல்லை" என்று எழுத ஆரம்பித்து, "நீ என்" வரைக்கும் எழுதிவிட்டேன். அதற்கு மேல் எழுதுமுன் கேட்க வேண்டியது ஒன்று இருந்தது. பேனாவை மூடிவிட்டு நாலு மைல் நடந்து பேஸ்மோர் வீட்டுக்குப் போனேன்.

வாசலில் உட்கார்ந்து மீன் வலை தைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து தொப்பியைக் கழற்றினார்.

"வாங்க ஐடெல்லாம்மா. நடந்தா வந்தீங்க?"

"பின்ன பறந்தா வருவாங்க? பைன் கட்டையப் பத்திக் கேக்க வந்தேன்."

வலையைக் கீழே வைத்தார். "அந்தப் பொண்ணு சொல்லிட்டாளா?"

"சொல்லிட்டா. நீ ஏன் சொல்லல? ஒரே ஒரு வார்த்த சொல்லியிருந்தா, இத்தன வருஷம் உன்னக் கண்டாலே துப்பிட்டுப் போயிருக்க மாட்டேனே!"

"நல்லாவே துப்புனீங்க. ஒரு தடவ ஷூ மேலயே பட்டுது."

"சிரிக்காத."

"ரான்சமுக்குத் தெரியும்மா."

நான் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

"மறுநாளே தெரியும். பாதி எரிஞ்ச பைன் கட்டையக் கையில எடுத்துக்கிட்டு நேரா இங்கதான் வந்தாரு. 'க்ளீயோஃபஸ், என் பொண்டாட்டி ஒரு கோபத்தக் கையில எடுத்தா சாகுற வரைக்கும் கீழ வைக்க மாட்டா. அது தங்கச்சி மேல விழுந்தா அந்தப் புள்ளைக்கு வேற போக்கிடம் இல்ல, இவளுக்கும் வேற கூடப்பொறப்பு இல்ல. உன் மேல இருந்துட்டுப் போகட்டும். நீ தாங்குவ'ன்னாரு."

"நீ என்ன சொன்ன?"

"என்னத்தச் சொல்ல? எனக்குப் பொண்டாட்டி இருக்கா, ஆறு புள்ளைங்க இருக்கு, சபை இருக்கு. ஒருத்தங்க பேசலேன்னா செத்தா போயிடுவேன்னேன். இவ்வளவு நாள் ஓடும்னு ரெண்டு பேருமே நெனக்கல."

"அப்புறம் அவர் ஏன் சபைக்குச் சமைக்கல?"

"ரெண்டு பேரும் ஒரே குழிகிட்ட நின்னா சிரிச்சிருவோம்னு பயம். நீங்க கண்டுபிடிச்சிருவீங்கல்ல? அதனால ஆத்துல பாத்துக்குவோம். வருஷா வருஷம் அவர் ஹெர்ரிங் மீன் கொண்டாந்து குடுப்பாருல்ல, நீங்க உப்புப் போடுவீங்களே, அதுல பாதி நான் புடிச்சது."

பதினாறு வருஷம், மொஸெல்! நான் இந்த ஆளைத் திட்டிக்கொண்டே இந்த ஆள் பிடித்த மீனைத் தின்றிருக்கிறேன். நான் திட்டத் திட்ட ரான்சம் தலையை ஆட்டிக்கொண்டு முள் எடுத்திருக்கிறார். அழுதேன் என்று நினைக்காதே. முழங்கால் வலித்தது, அதனால் கொஞ்ச நேரம் எழுந்திருக்கவில்லை. அவர் மனைவி மோர் கொண்டுவந்து கொடுத்தாள், குடித்தேன்.

போகும்போது கேட்டேன். "சனிக்கிழமை வர்றீங்களா?"

"புரட்டவா, திங்கவா?"

"ரெண்டுக்கும். செங்கலுக்கு இல்ல."

தலையை ஆட்டிவிட்டுத் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

வந்தார். வெள்ளிக்கிழமை மாலையே ஓக் கட்டை ஒரு வண்டி கொண்டுவந்து இறக்கினார். நான் ஒவ்வொரு கட்டையாக எடுத்து முகர்ந்து பார்த்தேன். "பாருங்க, நல்லா பாருங்க" என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். சனிக்கிழமை காலை வலையை இறுக்கிக் கட்டினோம். அவர் தலைப்பக்கம், நான் வால்பக்கம்.

"யாரு குரல் குடுக்குறது?" என்றார்.

"என் பன்னி, என் முற்றம்."

"சரிம்மா, குடுங்க."

குரல் கொடுக்க வாயைத் திறந்தால் வரவில்லை. அந்த இடத்தில் எப்போதும் ரான்சம் நிற்பார். பேஸ்மோர் அவசரப்படுத்தவில்லை. நூற்று முப்பது பவுண்டைப் பிடித்துக்கொண்டு, கண்ணை என் மேல் வைத்துக்கொண்டு, எழுபது வயசில் அப்படியே நின்றார். நான் "ம்" என்றேன். அவ்வளவுதான். ஒரு துண்டு கீழே விழவில்லை. திருப்பின பிறகு தோல் தணலில் சடசடத்தது, நான் சாற்றை வாரி ஊற்றினேன். முற்றம் முழுக்க அந்த வாசனை ஏறியதும் வில்லி க்ரே ஒரு மணிக்கே தட்டோடு வந்து நின்றான்.

பேஸ்மோரோடு சேர்த்து இருபது பேரை அழைத்தேன், குடும்பத்தோடு ஐம்பது பேர் வந்தார்கள். ஜெபம் முடிந்ததும் எழுந்து நின்றேன். கூரைக்கும் தரைக்கும் போர்வைக்கும் ஒவ்வொருவர் பேரையும் சொல்லி நன்றி சொன்னேன், ஒருவரையும் விடவில்லை. கடைசியில் சொன்னேன்: "ஐம்பத்தொண்ணுல கெட்டுப்போன கறிக்கு ரான்சம் காரணம் இல்ல. தீ எங்க வீட்டு ஆள் கையிலதான் அணைஞ்சது. மூப்பர் பேஸ்மோர் அன்னைக்கு உங்க வயித்தக் காப்பாத்தினாரு. அதுக்கு நான் அவர் மேல துப்பினேன். இப்ப எல்லார் முன்னாலயும் மன்னிப்புக் கேக்குறேன்."

அப்புறம் வில்லி க்ரேதான், "எங்க வீட்டு ஆளுன்னா யாரு?" என்றான்.

"வாயில ஆணி இல்லாத நேரமெல்லாம் உனக்குக் கேள்விதான். தின்னு!"

உன் பேரைச் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

பேஸ்மோர் என் பக்கத்தில் உட்கார்ந்து மூன்று தட்டு சாப்பிட்டார். சாற்றில் மிளகாய் கொஞ்சம் கூடுதல் என்றார். கூடுதல் இல்லை. அதைப் பற்றி இரண்டு பேரும் சாயங்காலம் வரைக்கும் சண்டை போட்டோம். நன்றாக இருந்தது.

இந்தக் கடிதம் ஒரு பொட்டலத்தோடு வரும். ட்ரூசில்லாவின் தம்பி உங்கள் ஊர்ப்பக்கம் கார் ஓட்டிப் போகிறான், பனிக்கட்டிப் பெட்டியில் வைத்துக் கொடுத்திருக்கிறேன். பன்றியில் கன்னக் கறிதான் மிருது, அது சமைத்த இரண்டு பேருக்கு என்று நம் வழக்கம். ஒரு கன்னத்தை பேஸ்மோர் தின்றார். மற்றது என்னுடையது. அதைத்தான் உனக்கு அனுப்புகிறேன். மூடி போட்டு, சின்னத் தீயில் சூடு பண்ணு.

கோபம் போய்விட்டதா என்று கேட்டு எழுதாதே. போகவில்லை. உன்னைப் பார்க்கும்போது நன்றாகத் திட்டுவேன், நீ நின்று கேட்க வேண்டும். ஆனால் நீ எனக்கு மிஞ்ச வேண்டும் என்று இரண்டு ஆண்கள் இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அவர்கள் காப்பாற்றி வைத்ததைத் தூக்கிப் போட நான் யார்? பாதியில் நிறுத்திய அந்தத் தாளை அடுப்பில் போட்டுவிட்டேன்.

பிள்ளைகளைக் கேட்டதாகச் சொல். உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
இன்னும் உன் அக்காவாகவே இருக்கும்
ஐடெல்லா